காருக்கு மெஷினில் வேக்ஸ் போட்டேன், இப்போது துடைத்தால் வரமாட்டேன் என்கிறது

உறையூர்வாசி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2016 மாடல் கறுப்பு செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கறுப்பு கார் வாங்கியவனுக்கு வேறு எதிரியே வேண்டாம் என்று வாங்கின பிறகுதான் தெரிந்தது. வாட்டர் சர்வீஸ் கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் "பாலிஷ் போட்டுடலாமா சார்" என்று கேட்டு, அழுக்குத் துணியில் எதையோ தேய்த்துவிட்டு 800 ரூபாய் வாங்குகிறார்கள். சரி, நாமே செய்வோம் என்று ஒரு டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்கினேன், தட்டு ஆடிக்கொண்டே சுழலுமே, அந்த மெஷின். 15 மி.மீ. த்ரோ (தட்டு ஆடுகிற அகலம்), 5 அங்குலத் தட்டு. கூடவே ஆரஞ்சு பேட் ஒன்று, கறுப்பு பேட் ஒன்று, கம்பளி மாதிரி ஒன்று, வெள்ளைக் காட்டன் உறை ஒன்று வந்தது. டப்பாவில் வரும் மஞ்சள் பேஸ்ட் வேக்ஸும் வாங்கினேன்.

ஞாயிறு காலை கழுவித் துடைத்து, ஒன்பதரைக்கு வேப்பமரத்தடியில் ஆரம்பித்தேன். விரலால் வழித்து கறுப்பு பேடில் அப்பி, ஸ்பீடை 4-இல் வைத்து, முழு வண்டிக்கும் நன்றாகப் போட்டேன். நன்றாக என்றால் தாராளமாக. பானெட்டுக்கு வரும்போது மணி பதினொன்று, மரத்து நிழல் பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்குப் போய்விட்டது. காயட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், கடையில் பேச்சு வளர்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து துடைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. காட்டன் உறையை மாட்டி ஸ்பீட் 5-இல் ஓட்டினேன். கொஞ்சம் வந்தது, மீதி மேகம் மேகமாகப் பரவிவிட்டது. வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாம் வெள்ளை. ராத்திரி பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன், அந்த லைட்டில் பானெட்டில் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. அது முன்னாடியே இருந்ததா, நான் போட்டதா என்று தெரியவில்லை.

இதை எப்படி எடுப்பது? எடுப்பதற்கும் மெஷினைப் பயன்படுத்தலாமா? பெயிண்ட் போய்விட்டதா? வீட்டில் கேட்கும் முன் பதில் சொன்னால் புண்ணியம்.

---

பனியன்துணி:

மெஷின் எதற்கு ப்ரோ? எங்கள் அப்பா அம்பாசடருக்கு இருபது வருடம் கையால்தான் வேக்ஸ் போட்டார். பழைய பனியன் ஒன்று, வேக்ஸ் டப்பா ஒன்று, அவ்வளவுதான். வண்டியில் முகம் பார்த்து ஷேவிங் செய்யலாம்.

---

பாலிஷ்_கோவை:

உறையூர் தம்பி, பயப்பட வேண்டாம். பெயிண்ட் எங்கேயும் போகவில்லை. சிங்காநல்லூர் பக்கம் 11 வருடமாக இதே தொழில்தான் செய்கிறேன், வாரத்துக்கு ஒரு வண்டியாவது இந்தக் கோலத்தில் வரும்.

முதலில் ஒட்டியிருப்பதை எடுப்போம். வண்டியை நிழலில் நிறுத்தி பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்வரை காத்திருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் நல்லது. அப்புறம் அதே வேக்ஸைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, காய்ந்துபோன இடத்தின் மேலேயே, ஒரு முழம் சதுரம் மட்டும், கையால் பூசுங்கள். கேட்கவே கோக்குமாக்காக இருக்கும், ஆனால் புது வேக்ஸில் இருக்கும் கரைப்பான் பழசை இளக்கிவிடும். பூசின கையோடு, காயவிடாமல், மைக்ரோஃபைபர் துணியால், மெஷின் இல்லாமல் கையாலேயே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த முழத்துக்குத் துணியின் வேறு பக்கம். துணியை நாலாக மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டுப் பக்கம் கிடைக்கும், எட்டும் அழுக்கானால் துணியை மாற்றுங்கள். காருக்கு மூன்று நான்கு துணியாவது வேண்டும். ஒரே துணியால் முழு வண்டியையும் துடைத்தால், எடுத்த வேக்ஸையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் காட்டன் உறையும் அதைத்தான் செய்தது. முதல் அரை நிமிடத்தில் அது வேக்ஸால் நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகு அது எடுக்கவில்லை, தடவியது.

மண்ணெண்ணெய், தின்னர் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதிலும் தின்னர் பட்டால் பெயிண்டே இளகிவிடும். பிளாஸ்டிக் வெள்ளைக்கு முதலில் பள்ளிக்கூடப் பையனிடம் வெள்ளை அழிரப்பர் வாங்கி அழித்துப் பாருங்கள், நிறைய வந்துவிடும். சொரசொரப்பான இடத்தில் மட்டும் ஆல் பர்ப்பஸ் கிளீனரைத் தண்ணீர் கலந்து, பழைய டூத்பிரஷால் மெல்லத் தேய்த்து உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்த இடங்களுக்கெல்லாம் முதலிலேயே மாஸ்கிங் டேப். பத்து நிமிட வேலை, ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

இப்போது வட்டக் கோடு. இது வேக்ஸ் கறையா, நிஜக் கீறலா என்று பார்க்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓர் இடத்தில் தெளித்துத் துடையுங்கள். செல்போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் அது கறை. அப்படியே நின்றால் கீறல், ஆனால் அது உங்கள் மெஷின் போட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு. கழுவுகிற இடத்தில் அந்த அழுக்குத் துணி போட்டதாகத்தான் இருக்கும், டிஏ அவ்வளவு சுலபத்தில் அந்த மாதிரி வட்டம் போடாது.

ஏன் போடாது என்றால், டிஏ தட்டு ஒரே மையத்தில் சுற்றுவதில்லை. மையம் தள்ளி ஆடிக்கொண்டே, கூடவே தன்னிஷ்டத்துக்குச் சுழலும். அழுத்திப் பிடித்தால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், சுழல்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். வேக்ஸுக்கு அழுத்தமே வேண்டாம். மெஷினின் கனம் போதும். கை வெறுமனே வழிகாட்ட மட்டும்.

ஸ்பீட் 4 என்பது பாலிஷுக்கு. வேக்ஸுக்கு 1, மிஞ்சினால் 2. வேக்ஸ் என்பது மேலே ஒரு மெல்லிய ஏடு, அதைப் பூசத்தான் வேண்டும், அரைக்கத் தேவையில்லை. மெஷினில் போட்டால் பெயிண்டுக்குள் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள், அது கதை. நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் நிறமில்லாத பூச்சுதான் கிளியர் கோட், அதற்குள் இறங்க வழி கிடையாது. மெஷினால் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: மெல்லிசாக, ஒரே சீராகப் போடலாம். நீங்கள் அதையே கோட்டைவிட்டீர்கள். பெயிண்டைத் தொடுகிற ஏடுதான் ஒட்டும், அதற்கு மேல் அப்பினது எல்லாம் நீங்களே துடைத்துத் தூக்கிப் போடப்போவதுதான். பேஸ்ட் வேக்ஸ் என்றால் ஈரம் மாதிரி ஒரு தடவு தடவிய பேடால் ஒரு கதவு முழுக்கப் போட வேண்டும். போட்ட பிறகு சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பனி மாதிரி இருந்தால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம்.

இன்னொன்று, பேடைப் பெயிண்டில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டால் சுவர், சட்டை, கண்ணாடி எல்லாம் புள்ளிக் கோலம்தான்.

பனியன்துணி அவர்களுக்கு: அப்பா செய்தது தப்பே இல்லை. ஆனால் அம்பாசடர் காலத்துப் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் கிடையாது. தேய்த்தால் துணியில் வண்டி நிறமே ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயிண்டில் விழுகிற மெல்லிய கீறல் இப்போதைய கறுப்பு மெட்டாலிக்கில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. இன்றைக்குக் கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியை விட மெல்லிசு. பனியன் தையல் பட்டாலே கோடு விழும்.

---

உறையூர்வாசி:

அண்ணா, ரொம்ப நன்றி. அழிரப்பர் வேலை செய்கிறது! மகனுடைய ரப்பர் பாதி கரைந்துவிட்டது, அது வேறு பஞ்சாயத்து. ஆல்கஹால் போட்டுப் பார்த்ததில் பாதி வட்டம் போய்விட்டது, பாதி அப்படியே இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவில் 10–15 நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு, பக்கத்து வீட்டு அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், "என் கிரைண்டரில் பஞ்சு பேட் மாட்டி ஒரே இழுப்பில் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

---

பாலிஷ்_கோவை:

சொல்லிவிடுங்கள் தம்பி. முகத்துக்கு நேரே, சத்தமாக.

ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். ஒரே மையத்தில் சுற்றுகிற ரோட்டரி பாலிஷரே 600-இலிருந்து 3,000-க்குள்தான், அதையே பழகாத கையில் கொடுக்க மாட்டோம். கிரைண்டரை ஓர் ஓரத்தில் இரண்டு நொடி வைத்தால் போதும், கிளியர் கோட் எரிந்து கீழே பிரைமர் எட்டிப் பார்க்கும். பானெட்டின் மடிப்புக் கோடு, கதவு விளிம்பு மாதிரி இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிசு. பேட் அந்த வேகத்துக்குப் பிய்த்துக்கொண்டு பறந்தால் பெயிண்டோடு போகாது, ஆளுக்கும் ஆபத்து.

காய்ந்ததா என்பதற்கு டப்பாவை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். சுத்தமான விரலால் ஓர் இழுப்பு இழுங்கள். விரல் போன தடம் பளிச்சென்று தெளிவாகத் தெரிந்தால் துடைக்கலாம். ஈஷினால் இன்னும் காயவில்லை. உங்கள் ஊர் வெயிலில் அது மூன்று நிமிடமாகவும் இருக்கும். நேரடி வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் தொட முடியாத அளவுக்குச் சுடும், அதில் கரைப்பான் உடனே ஆவியாகி, மிச்சம் இறுகிவிடும். அதனால்தான் முழு வண்டிக்கும் போட்டுவிட்டு டீக்குப் போகிற வேலையே கூடாது. ஒரு பாகம், துடை, அடுத்த பாகம்.

---

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:

கோவை அண்ணா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு விஷயத்தைத் தவிர. மெஷினால் எடுக்கவே கூடாது என்கிற மாதிரி பேச்சு போகிறது. நான் நாலு வருடமாக மெஷினில்தான் எடுக்கிறேன். வலது தோள் பிரச்சினை, பெரிய எஸ்யூவியின் கூரையைக் கையால் துடைத்தால் மறுநாள் சட்டை மாட்ட முடியாது.

என் முறை இது. காட்டன் உறை வேண்டாம், அது மெஷினோடு இலவசமாக வருவது, தரம் அந்த மாதிரிதான் இருக்கும். நல்ல மைக்ரோஃபைபர் உறை இரண்டு மூன்று வாங்கிக்கொள்ள வேண்டும். மிருதுவான சுத்தமான ஃபோம் பேட் மேலே உறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டி, ஸ்பீட் 2 அல்லது 3, பேட் முழுக்கத் தட்டையாகப் படிய வேண்டும். கூரை, பானெட், டிக்கி இந்த மூன்று அகலமான இடத்துக்கு மட்டும். கதவுக் கைப்பிடி, பம்பர் வளைவு, எழுத்து ஒட்டியிருக்கும் இடம் எல்லாம் கையால்தான். ஒரு பாகம் முடிந்ததும் உறையைக் கழற்றி உதறிப் பார்ப்பேன், கை வைத்தால் பிசுபிசுப்பு தெரிந்தால் அடுத்த உறை. சிலர் உறைக்குப் பதில் துணியை அப்படியே பேடுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வைத்து ஓட்டுகிறார்கள், நானும் ஒரு தடவை செய்தேன், துணி முனை தட்டில் சுற்றிக்கொண்டு மெஷின் கையை விட்டே எகிறியது. தட்டின் விளிம்பு பட்டு டிக்கியில் ஒரு கோடு விழுந்தது, இன்னமும் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் மெல்லிசாகப் போட்டிருந்தால்தான். அப்பி வைத்தால் எந்த உறையாலும் ஆகாது.

சென்னைவாசிகளுக்கு மட்டும் ஒரு சேதி: ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் இருக்கும்போது சில வேக்ஸ் அரை மணி ஆனாலும் காயாது. அவசரப்பட்டுத் துடைத்தால் எண்ணெய் தடவிய மாதிரி ஆகும். நான் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் ராத்திரி ஒரு மணிக்குச் செய்கிறவன், வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், இப்போது விரலை இழுத்து "இன்னும் அஞ்சு நிமிசம் சார்" என்று அவரே சொல்கிறார்.

---

பாலிஷ்_கோவை:

ஓஎம்ஆர் சார், தோள் வலி என்றால் சரி, நீங்கள் செய்கிற விதமும் சரி. நான் முதல் தடவை செய்கிறவரிடம் சொன்னது அது. கடையில் ஒரு பையனை வேலைக்குச் சேர்த்தால் ஆறு மாதம் துடைக்கிற துணியைத் தவிர எதையும் கையில் கொடுக்க மாட்டேன். துணியில் ஒரு மணல் சிக்கினால் கை உடனே உணரும், கரகரவென்று தெரியும். மெஷின் பிடித்த கைக்கு அது தெரியாது. உறையில் மாட்டிய அந்த மணல் பானெட் முழுக்கச் சுற்றிய பிறகுதான் வெளிச்சத்தில் தெரியும்.

உறையூர் தம்பிக்கு: மீதி வட்டம் கீறல்தான். வேக்ஸ் கீறலை எடுக்காது, கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "பாலிஷ்" என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் வருகிற குழப்பம் இது. பாலிஷ் என்பது நுண்ணிய அரைப்பான், கிளியர் கோட்டின் மேல்பரப்பைச் சில மைக்ரான் சீவிச் சமப்படுத்தும். வேக்ஸ் அதற்கு மேல் போர்த்துகிற போர்வை. முதலில் ஆரஞ்சு பேட், மெல்லிய பாலிஷ், ஸ்பீட் 4, இரண்டடிக்கு இரண்டடி, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு. ஆல்கஹால் போட்டு எண்ணெய் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கறுப்பு பேடில் வேக்ஸ். அந்தக் கம்பளிப் பேடைப் பரணில் போடுங்கள்.

அந்த மஞ்சள் டப்பா கார்னாபா என்று போட்டிருந்தால், அது பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுக்கிற மெழுகு. தனியாக இருந்தால் கல் மாதிரி கெட்டி, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதைப் பூசுகிற பதத்துக்குக் கொண்டுவரத்தான் எண்ணெயும் கரைப்பானும் கலக்கிறார்கள். நம் வெயிலில் வெளியே நிற்கிற வண்டிக்கு ஆறு வாரம் எட்டு வாரம் தாங்கினால் பெரிசு. தினமும் வெளியே நிறுத்துகிறவர் என்றால் வேக்ஸுக்குப் பதிலாகப் பூசுகிற, திரவமாக வரும் சிந்தெட்டிக் சீலண்ட் (செயற்கைப் பூச்சு) வாங்குங்கள், அது மெஷினுக்கும் சுலபம். பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு, அடுத்தடுத்த பாகத்துக்கு இரண்டு சொட்டு. முழு காருக்கும் 20 மி.லி. தாண்டினால் கை தாராளம் என்று அர்த்தம்.

---

உறையூர்வாசி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய வேக்ஸை எடுக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது. புதுசு போட்டு இளக்குகிற வித்தை பானெட்டில் உடனே வேலை செய்தது, கூரையில் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது, வெயில் அங்கேதான் அதிகம் அடித்திருக்கிறது. பிறகு போன ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பானெட்டிலும் கூரையிலும் மட்டும் பாலிஷ் போட்டேன். தட்டில் மார்க்கர் கோடு போட்டது ரொம்ப உதவியாக இருந்தது, நான் எவ்வளவு அழுத்துகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் பெயிண்டில் உரசுகிறது. பங்க் லைட்டில் பார்த்தேன், வட்டம் முக்கால்வாசி போய்விட்டது. மீதி இருக்கட்டும், கிளியர் கோட்டும் இருக்கட்டும்.

வேக்ஸ் ஸ்பீட் 1-இல் ஒவ்வொரு கதவாக. போட்டது தெரியவே இல்லை, போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போடக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். விரல் சோதனை நாலு நிமிடத்தில் பாஸ். துடைத்தால் ஊதினால் போகிற தூசி மாதிரி வந்தது, கையாலேயே, முழு காருக்கும் இருபது நிமிடம். மெஷினால் எடுக்க ஏன் ஆசைப்பட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு சின்னத் தப்பு மட்டும். பேடைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டேன், மூன்றாம் நாள் எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு ஊறவைத்ததில் ஓரளவு இளகியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். கிரைண்டரில் செய்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்கிறார்.

---

பனியன்துணி:

ஸ்பீட் 1 தானே சொன்னீர்கள்? அப்புறம் அந்த 5 அங்குலத் தட்டுக்கு எந்த அளவு பேட் வாங்க வேண்டும்? எனக்கில்லை, மச்சான் கேட்கச் சொன்னான்.

---

உறையூர்வாசி:

5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குல பேட். தட்டின் ஓரம் வெளியே துருத்தக் கூடாது, பேட் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். மச்சானை விடியற்காலையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், டீயை முதலிலேயே குடித்துவிட்டு.